மூன்றாவது தட்டு

…இருமினாலும் சரி, இருமாமல் கிடந்தாலும் சரி, இன்றைக்கு வாஜித் என் முதுகுக்குப் பின்னால் உட்காரப் போவதில்லை, எஞ்சின் பக்கம் போய் உட்காரு என்று சொல்லியாயிற்று, ஏன் என்று கேட்கவும் இல்லை அவன், வாயிலிருந்த குன்யாவைத் துப்பிவிட்டு, வெற்றிலைச் சிவப்பு உதட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டு எஞ்சின் மூடிமேல் போய் உட்கார்ந்துவிட்டான். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? பொன்னுத்துரை நங்கூரக் கயிற்றை விட்டுக்கொண்டே கரையைப் பார்த்தார், பகோடாவின் குடையும் பின்னாலிருக்கும் சாய்ந்த பனையும் பார்வைக்கு ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டும், விழுந்தது, வலப்பக்கம் பழைய கம்பம் ஆலைப் புகைக்கு நேராக வரவேண்டும், வந்தது, அவ்வளவுதான், கீழே பதினோரு பாக ஆழத்தில் முங்கிக் கிடக்கிறது இரும்புத் தோணி, அதன் ஓட்டைகளில் களவா மீன், தார் பூசியதுபோலக் கறுத்த களவா. சேற்றுத் தண்ணீர், ஒரு முழத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது. படகை வாடகைக்கு எடுத்திருக்கும் ஷாநவாஸின் கைபேசி வரைபடத்தில் இந்த இடம் வெறும் நீலம். தன்லியினிலிருந்து கடல்வாய் வரைக்கும் எத்தனை படகு ஓடுகிறது, இந்தத் தோணிமேல் ஒரே தடவையில் நங்கூரம் போடுகிற தண்டல் யார் இருக்கிறான்? ஒருத்தன் பெயரைச் சொல்லட்டும் பார்ப்போம்.

ஆனால் தஸ்லீமா சொன்னது நங்கூரத்தைப் பற்றி இல்லையே. போன வாரம், இதே படகில், லான்மடாவ் இரும்புக்கடை ஷாநவாஸின் தங்கை, நல்ல பெண்தான், வாய்தான் கொஞ்சம்… “வாஜித் பாய் இருமுறாரு, தண்டல் அண்ணன் இழுக்குறாரு, அப்ப மீனப் புடிக்கிறது யாருங்க?” என்றாள், படகே சிரித்தது, தானும் சிரித்தார், சிரித்துவிட்டு ஏழு நாளாய்ச் சோறு சரியாக இறங்கவில்லை. வாஜித்துக்கு வேலை தூண்டில் கயிற்றின் சுருளை மடியில் வைத்துக்கொண்டு சிக்கு விழாமல் விடுவது, கயிறு என் விரல்மேல் ஓடி அவன் கைக்குத்தானே போகிறது… அவனுக்கு இருமல் உண்டு, சிமெண்டு மூட்டை தூக்கியவனுக்கு இருமல் இல்லாமல் இருக்குமா? போட்டாதாங் ஜெட்டியில் இரண்டு பேரும் பதினெட்டு வருஷம் தூக்கினோமே, எனக்கு அந்தத் தூசி நெஞ்சில் நிற்கவில்லை, அவனுக்கு நின்றது, அதுதான் விஷயம், வேறென்ன? விரலைப் பற்றி யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் விஞ்ச் கயிற்றில் நசுங்கிய ஆட்காட்டி விரல், வெளியே பார்த்தால் முழு விரல், உள்ளே கட்டை. சூடான தேநீர்க் குவளையைத் தொட்டால் கட்டைவிரல் கத்தும், இது சும்மா இருக்கும். மனைவிக்கே தெரியாது. அந்த விரலோடு இரண்டு சீசன் முதல் மீன் எடுத்திருக்கிறேனே, ஒரு நாளாவது தப்பியதா?

முதல் மீன் தண்டலுக்கு, அதற்குமுன் வாடகைக்கு வந்தவர்கள் தூண்டிலை இறக்கக்கூடாது, இந்தப் படகில் அதுதான் முறை. முன்பக்கம் தண்ணீர்க் காவல் தெய்வம் ஊ ஷின்ஜீக்குத் தேங்காயும் வாழைப்பழமும் வைத்தாயிற்று. வெள்ளம் ஏறி முடிந்து வற்றத் தொடங்குமுன் அரைமணி நேரம் தண்ணீர் நிற்கும், அதற்குள் எல்லாம் முடியவேண்டும். தென்மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது, இதுதான் கடைசி நடை, நாளைக்குப் படகைக் கரையேற்றினால் மழை விட்டு, தடிஞ்யூட் பண்டிகை கழிந்துதான் இறக்குவது, ஐந்து மாதம், ஐந்து மாதம் இந்தக் கேள்வியோடு வீட்டில் உட்கார முடியாது, இன்றைக்கே தெரியவேண்டும். இரண்டாய் வெட்டிய நண்டைக் கோர்த்து இறக்கினார், ஈயம் தரை தொட்டது, கயிறு விரல்மேல். களவா அவசரக்காரன் இல்லை. ஒரு தட்டு, நண்டின் ஓட்டை உடைக்கிறது. இரண்டாவது தட்டு, இன்னும் உடைக்கிறது. மூன்றாவதில் வாய்க்குள் போகும், அப்போது வெட்டி இழுக்கவேண்டும், விட்டால் தோணி ஓட்டைக்குள் போய்ச் செவுளை விரித்துக்கொள்ளும், அப்புறம் யானை கட்டி இழுத்தாலும் வராது… தட்டியதா? இல்லை. அலையா? பின்னால் ஒரு சத்தமும் இல்லை. எப்போதும் இந்நேரம் ஒரு சத்தம் வருமே. தூக்கிப் பார்த்தார், வெறும் கொக்கி, நண்டு போய்விட்டது. மறுபடி கோர்த்தார், மறுபடி வெறும் கொக்கி.

“என்ன தண்டலண்ணே, கீழ அன்னதானமா நடக்குது?” ஷாநவாஸ். “சும்மா இரு நானா,” என்றாள் தஸ்லீமா, அவள் குரலில் இன்றைக்குச் சிரிப்பு இல்லை, அது இன்னும் மோசம். இரண்டு நண்டு போயாயிற்று, தட்டியிருக்கிறது, இந்த விரல்மேல்தான் தட்டியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. தெரிந்துபோயிற்றா இப்போது? சந்தோஷமா? வாஜித்தைக் கூப்பிடலாம். வாடா என்றால் வந்து உட்காருவான். அரைமணியில் பாதி போய்விட்டது… உள்ளங்கை காப்புக் காய்த்தது, தோள் மாட்டுத்தோல், கழுத்துப் பின்னால் மூட்டை தேய்த்த தழும்பு, இந்த உடம்பில் வேலை செய்யாத இடம் எங்கே இருக்கிறது? முழங்கை மடிப்பின் உட்பக்கம். குழந்தைத் தோல் மாதிரி இருக்கும். பொன்னுத்துரை மூன்றாவது நண்டை இறக்கி, சட்டைக் கையைச் சுருட்டி, கயிற்றை அந்த மடிப்பின் குறுக்கே போட்டுக்கொண்டார், பார்க்கிறவனுக்குச் சிரிப்பாக இருக்கும், இருக்கட்டும். கண்ணை மூடினார். டொக். எறும்பு கடித்ததுபோல, ஆனால் வந்தது! டொக். பொறு, பொறு… மூன்றாவது வந்தபோது தோள் தானாகவே எழுந்தது, ஒரு வாங்கு, இரண்டு வாங்கு, இந்த இரண்டு வாங்கில்தான் மீன், மற்றதெல்லாம் வெறும் இழுவை, கயிறு கையை அறுத்தது, அறுக்கட்டும், எத்தனை ஆயிரம் மூட்டை ஏறி இறங்கிய தோள் இது, ஒரு மீனுக்கா விட்டுக்கொடுக்கும்? கறுப்பாய் மேலே வந்து பலகையில் விழுந்தது, குறைந்தது எட்டு கிலோ, வாலால் படகை அறைந்தது, ஷாநவாஸ் “மாஷா அல்லா!” என்று எழுந்து நின்றுவிட்டார். “நான் அன்னிக்குச் சொன்னத மறந்துருங்கண்ணே,” என்றாள் தஸ்லீமா. “எறக்குங்க, எல்லாரும் எறக்குங்க, நேரமில்ல!” என்று கத்தினார் பொன்னுத்துரை, குரல் ஜெட்டியில் ஆட்களை விரட்டிய காலத்துக் குரலாக வந்தது, கேட்கவே நன்றாக இருந்தது. நான் எடுத்தேன். ஒருவன் இருமாமல், நானே.

திரும்பிப் பார்த்தார். வாஜித் எஞ்சின் மூடிமேலேயே இருந்தான், தோள்துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக் கடித்திருந்தான், முகம் சிவந்து கண்ணில் நீர் கட்டியிருந்தது, தண்ணீரைத் தொடும் கயிற்றின் நடுக்கத்தை அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், முதல் நண்டிலிருந்தே. துண்டை எடுத்தான். “இப்ப இருமிக்கலாமாண்ணே?” என்றான். தஸ்லீமாவும் ஷாநவாஸும் கயிறு இறக்கும் மும்முரத்தில் இருந்தார்கள், காதில் விழவில்லை. அப்படியானால் அது நெஞ்சுத் தூசி இல்லை, மூன்றாவது தட்டுக்குத்தான் இருமியிருக்கிறான், இரண்டு வருஷமாக விரலைப் பற்றி இவனுக்குத் தெரியும், தெரிந்து யாரிடமும், என்னிடம்கூட… தஸ்லீமா கேலி செய்த அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை, கூடச் சேர்ந்து சிரிக்கவும் இல்லை அவன், இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அந்த மீனெல்லாம் பிறகு யாருடையது? இழுத்த தோள் என்னுடையது, அதில் சந்தேகமில்லை, ஆனால்… நின்ற தண்ணீர் மெல்ல வற்றப் பார்த்தது, நங்கூரக் கயிறு விறைத்தது, சுருள் பார்க்க ஆள் வேண்டும். “வாடா இங்க,” என்றார். வாஜித் எழுந்து வந்து நின்றான். முதுகுக்குப் பின்னால் உட்காரச் சொல்வதா, பக்கத்திலா என்று பொன்னுத்துரைக்குத் தெரியவில்லை.