தங்கச்சியோடு வந்தவள்

ரெட்டிபாளையம் சிமெண்ட் பேக்டரியில் வேலை பார்த்த அய்யம்பெருமாளும் அவர் மனைவி பாக்யலட்சுமியும் ஒரு பிள்ளையை வளர்க்கத்தான் ஒத்துக்கொண்டார்கள். அது 1998. பெற்றவர்களால் கொஞ்ச காலம் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளை வீடுகளில் விட்டு வளர்க்கும் தொண்டு நிறுவனம் ஒன்று அரியலூரில் இருந்தது. அங்கிருந்து வந்த பரிமளா மேடம் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "திரும்ப அனுப்புற நாள் வரும். தாங்குவீங்களா?" என்று கேட்டார். பாக்யலட்சுமி தாங்குவேன் என்றாள். பிள்ளையில்லாத வீட்டுக்கு ஒன்றைக் கொண்டுவந்து, பழகியபின் அனுப்புவானேன் என்றிருந்தது அய்யம்பெருமாளுக்கு.

பிள்ளையைக் கூட்டிவரப் போன அன்று, அரியலூர் ஆபீசில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தகப்பன் இல்லை. விக்கிரமங்கலத்தில் கூலி வேலை பார்த்த அம்மா மலர்கொடி, டிபி முற்றி தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நாலு வயது வெற்றிச்செல்வியை இவர்களுக்கும், எட்டு வயது வேம்புவை ஹாஸ்டலுக்கும் என்று முடிவாகியிருந்தது.

வேம்பு எழுந்து பாக்யலட்சுமியிடம் வந்தாள். "தங்கச்சிக்கு அடிக்கடி காது வலிக்கும்ங்க. அழுதா திட்டாதீங்க. தூக்கி வச்சுக்கிட்டா தூங்கிருவா."

அய்யம்பெருமாள் குனிந்து வேம்புவின் துணிப்பையையும் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் வேம்பு தங்கைக்கு ஊட்டுவாள், குளிப்பாட்டுவாள், பிறகு பாத்திரம் கழுவ வந்து நிற்பாள். வேண்டாம் என்றால் முகம் வெளுத்துவிடும். வேலை செய்யாவிட்டால் அனுப்பிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறாள் என்பது பாக்யலட்சுமிக்குப் பிந்தித்தான் புரிந்தது. பங்குனியில் அம்மை போட்டு வேம்பு படுத்தாள். பாக்யலட்சுமி பக்கத்தை விட்டு நகரவில்லை. தண்ணீர் ஊற்றிய அன்று வேம்பு சீப்போடு வந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"எனக்கும் ரெட்டை ஜடை போட்டு விடுங்க பெரியம்மா."

அவள் தனக்கென்று முதன்முதலாகக் கேட்டது அதுதான்.

அப்புறம் அந்த வீடு வேறு வீடாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அய்யம்பெருமாள் இருவரையும் சைக்கிளில் ஏற்றி ஓடைப்பக்கம் கூட்டிப்போவார். கல்லாய்ப்போன சிப்பிகளைப் பாவாடை நிறையப் பொறுக்கி வருவார்கள்.

இரண்டு வருடம் கழித்து மலர்கொடி உடம்பு தேறி வந்தாள். பிள்ளைகள் தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். கூப்பிடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வேம்பு விளையாடி நான் பாத்ததே இல்லக்கா," என்றாள்.

அதுவரை மனதைக் கல்லாக்கி வைத்திருந்த பாக்யலட்சுமி அங்கேயே அழுதுவிட்டாள்.

மூவரையும் பஸ் ஏற்றிவிட்டு வந்தபின், அய்யம்பெருமாள் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அவரே அரியலூர் ஆபீசுக்குப் போய், வேறு பிள்ளை இருந்தால் அனுப்பச் சொல்லிவிட்டு வந்தார்.

2007க்குள் ஐந்து பிள்ளைகள் அங்கே வளர்ந்து, தங்கள் வீடு திரும்பினார்கள். பாக்யலட்சுமி எல்லோரைப் பற்றியும் பேசுவாள். பேச்சு வேம்புவிடம் வந்தால் மட்டும் அய்யம்பெருமாளும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.