மீசை முளைத்த கெளுத்திகள்

பல் மருத்துவமனையின் பின்னறையில் அவள் பதினேழு வருடமாகப் பல்செட் செய்துகொண்டிருந்தாள். நோயாளிகள் காத்திருக்கும் கூடத்துக்கும் அவளுக்கும் நடுவே ஒரே ஒரு கதவுதான். இருந்தாலும் காலையில் வரும்போதும் மாலையில் போகும்போதும் தவிர அதை அவள் தாண்டுவது அபூர்வம். அவள் செய்த பல்லை மாட்டிக்கொண்டு சிரித்தபடி வெளியேறுகிறவர்களில் ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது. அதில் அவளுக்குப் பெரிய குறையும் இல்லை. மெழுகை உருக்கி, அச்சில் வார்த்து, பல்லை அடுக்கி, எல்லாம் முடிந்தபின் ஓரங்களை விரல்நுனியால் தடவிப் பார்ப்பாள். ஒரு பிசிறு தட்டினாலும் மறுபடி ராவுவாள். ஈறு எவ்வளவு மென்மையானது என்று அவள் விரலுக்குத் தெரியும். கூட வேலை செய்பவர்கள் அவளைப் பல்செட்டம்மா என்றார்கள்.

ஒருநாள் பல்லின் நிறம் பார்ப்பதற்காக அவளைக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த நோயாளி வர நேரமாயிற்று. சும்மா நிற்பானேன் என்று ஓரத்திலிருந்த மீன்தொட்டியைப் பார்த்தாள். மேலே சிவப்பும் நீலமுமாகப் பொடி மீன்கள் பளபளத்தன. எல்லார் கண்ணும் அவற்றின் மேல்தான். அடியில் ஐந்து குட்டிக் கெளுத்திகள் கிடந்தன. விரல் நீளம்தான் இருக்கும். உடம்பெல்லாம் மிளகுத்தூள் தூவினாற்போல் புள்ளி. அவற்றை வாங்கி வந்த அன்று வாயைச் சுற்றி மீசை மீசையாக இருந்தது அவளுக்கு நினைவிருந்தது. இப்போது ஒன்றுக்கு மட்டும்தான் அது முழுசாக இருந்தது. மூன்றுக்கு வெறும் குச்சிதான் மிச்சம். ஒன்றுக்கு அதுவும் இல்லை. வாயோரம் செக்கச்செவேலென்று புண்ணாகியிருந்தது.

அவள் சட்டைக் கையை மடித்து ஏற்றிவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டு அடியிலிருந்த நீலக்கல் ஒன்றை எடுத்தாள். விரலால் தடவினாள். கல் இல்லை, உடைத்த கண்ணாடி. ஓரமெல்லாம் பிசிறு. அதற்குள் மூக்கை விட்டு நாள் முழுக்கத் தீனி தேடும் மீனுக்கு எது மிஞ்சும்?

மாதம் ஒருமுறை தொட்டி கழுவ வரும் மீன்கடைக்காரரிடம் கேட்டாள். அவர் குழாயை உறிஞ்சித் தண்ணீர் இறக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

"இதுங்க கிளீனர் மீனும்மா. மத்த மீனு போடற கழிவத் தின்னுட்டு அடியில கெடக்கும். இதுக்குன்னு தனியா தீனி கூடப் போட வேண்டாம்."

மீசை போனதைக் கேட்டதற்கு, அது அப்படித்தான், கொஞ்ச நாளில் செத்துவிடும், வேறு ஐந்து போட்டுக்கொள்ளலாம் என்றார்.

அதற்குப் பிறகு பத்து நாள் மதிய இடைவேளையில் அவள் சாப்பாட்டுத் தட்டைவிட ஃபோனைத்தான் அதிகம் பார்த்தாள். படித்தவரை ஒன்று தெளிவாயிற்று. தொட்டிக் கழிவைத் தின்றே வாழ்கிற மீன் என்று எதுவும் இல்லை. இவை ஐந்தும் மாதக்கணக்கில் பட்டினி கிடந்திருக்கின்றன. டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அந்த நீலக் கண்ணாடி சுவரின் நிறத்துக்குப் பொருத்தமாகத் தேடி வாங்கியது, எடுக்க மனம் வரவில்லை என்றார் அந்த அம்மாள். "உங்களுக்கு அவ்வளவு பாசம்னா வீட்டுக்கே தூக்கிட்டுப் போங்களேன்" என்று சிரித்தார்.

மறுநாள் மாலை அவள் மூடி போட்ட வாளியோடு வந்து நின்றாள்.

வீட்டில் இரண்டே அறை. கணவன் பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்ப்பவன். கூட்டாளிகள் அவனைக் கூப்பிடுவதே பிரேக் என்றுதான். வாளிக்குள் எட்டிப் பார்த்தான்.

"நாமளே ஒதுங்கி ஒதுங்கி நடக்கறோம். இதுல ஒரு ஆத்தையே வீட்டுக்குள்ள விடணுமா?"

வாய்தான் அப்படி. அன்றே இரண்டடித் தொட்டி வாங்க அவளோடு போனான். பழைய இரும்புச் சட்டங்களை வெட்டி ஒட்டித் தாங்கி ஒன்று செய்து, ரசமட்டம் வைத்து நாலு பக்கமும் பார்த்தபின்தான் தொட்டியைத் தூக்கி வைக்க விட்டான். அவள் மாவு போன்ற நைஸ் மணல் வாங்கி, டம்ளரில் எடுத்துப் பார்த்தால் கலங்கல் தெரியாதவரை அலசினாள். மணலைப் பரப்பித் தண்ணீர் ஊற்றிய அன்றே மீன்களையும் விட்டுவிட்டாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. நான்காம் நாள் காலையில், மீசையே இல்லாமல் போன மீன் மல்லாந்து கிடந்தது.

புதுத் தொட்டித் தண்ணீர் பார்க்கத்தான் சுத்தம். மீன் கழிப்பது அதில் விஷமாகிறது. அந்த விஷத்தை முறிக்கும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் குடியேற வாரக்கணக்கில் ஆகும். அவள் படித்ததில் இதுவும் இருந்தது. அவசரத்தில் தாண்டிப் போயிருந்தாள்.

"நான்தாங்க கொன்னேன். படிச்சும் அவசரப்பட்டுட்டேன்" என்றாள்.

அவன் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனான். அன்றிலிருந்து தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றினார்கள். மருத்துவமனைத் தொட்டியின் ஃபில்டரிலிருந்து, அந்த நுண்ணுயிர்கள் ஏற்கெனவே குடியேறியிருந்த, அழுக்குப் பிடித்த பழைய பஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து தன் தொட்டியில் பொருத்தினாள். ஊரார் எறியும் அழுக்கை இவள் பொத்திப் பொத்தி எடுத்து வருகிறாளே என்று வரவேற்பில் இருந்த பெண் சிரித்தாள். ஐந்து வாரத்தில் விஷம் அடங்கித் தண்ணீர் நிலைத்தது. ஆறு பேராவது சேர்ந்தால்தான் இவற்றுக்குத் தைரியம் வரும் என்று தெரிந்து இன்னும் இரண்டு வாங்கி விட்டாள்.

தைரியம் வந்ததும் அவை வேறு மீன்களாகிவிட்டன. மூழ்கும் மாத்திரைத் தீனி அடியில் விழுந்தால் போதும், ஆறும் ஒன்றையொன்று முட்டாமல் மோதாமல் வட்டமாகக் கூடிவிடும். கண் வரைக்கும் மணலில் புதைத்துத் துழாவி, செவுள் வழியே மணலை ஊதி வெளியே விடும். நினைத்தாற்போல் ஒன்று விர்ரென்று மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்பும். கண்ணை உருட்டும்போது நம்மைப் பார்த்துக் கண்ணடிப்பதுபோலவே இருக்கும். முதல்முறை அதைக் கண்ட கணவன் பதிலுக்குக் கண்ணடித்ததை அவள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

மூன்றாம் மாதம், குச்சியாக இருந்த இடத்தில் வெள்ளையாக நூல் நூலாக மீசை முளைத்திருந்தது. பல்லின் ஓரம் பார்க்கும் பூதக்கண்ணாடியை வீட்டுக்கு எடுத்து வந்து எண்ணிப் பார்த்தாள். மூன்று மீனுக்கும் முளைத்திருந்தது. அன்று முழுக்க அவள் நடையே வேறாக இருந்தது.

பிறகு ஒரு வாரம் விடாத மழை. மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் ஜில்லென்றிருந்தது. அதைக் கொண்டு மீன்தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, தொட்டிக்குள் ஒரே ஓட்டமும் துரத்தலும். பருத்த பெண்மீன் ஒன்று அடித்துடுப்புகளைக் கை கூப்பினாற்போல் சேர்த்து வைத்துக்கொண்டு கண்ணாடியோரம் ஏறிற்று. வாயால் கண்ணாடியைத் துடைத்தது. துடைத்த இடத்தில் நாலு முட்டைகளை ஒட்டிவிட்டு இறங்கிற்று. மதியத்துக்குள் கண்ணாடியெங்கும் ஜவ்வரிசி போல முட்டை.

பெற்றதுகளே தின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். முட்டையைக் கண்ணாடியிலிருந்து பெயர்க்க வேண்டும், நசுங்கவும் கூடாது. அவள் மெழுகு செதுக்கும் கரண்டியை எடுத்தாள். பதினேழு வருடம் அரை மில்லிமீட்டர் கணக்கில் வேலை பார்த்த கை. ஒவ்வொன்றாக எண்பத்து மூன்று முட்டைகளைப் பெயர்த்து டப்பாவில் சேர்த்தாள். உடைந்தவை இரண்டே. கணவன் டப்பாவுக்குள் காற்றுக்குழாய் பொருத்தினான். காலையும் மாலையும் பூஞ்சை பிடித்து வெளுத்தவற்றை அதே கரண்டியால் பொறுக்கி எறிந்தாள். நான்காம் நாள் வால் முளைத்த புள்ளிகள் டப்பாவுக்குள் துடித்தன. கடையில் விற்கும் பொடி இறால்முட்டையை உப்புத்தண்ணீரில் குஞ்சு பொரிக்க வைத்து, ஊசிமுனைப் புழுக்களாய் வந்ததை வடிகட்டித் தினம் மூன்றுவேளை ஊட்டினாள். ஆறு வாரத்தில் முப்பத்தேழு குஞ்சுகள், மிளகுப் புள்ளியோடு, முழு மீசையோடு.

அவள் சொன்னபோது மீன்கடைக்காரர் நம்பவில்லை. நேரில் வந்து தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்தார். குஞ்சுகளை விரல் நீட்டி எண்ணினார்.

"இருவது வருஷமா இத வித்துட்டிருக்கேன்" என்றார் கடைசியில். "ஒரு நாள்கூட முட்டையக் கண்ணால பாத்ததில்லம்மா."

குஞ்சுகளைத் தன் கடைக்குத் தரச்சொல்லிக் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை.

"தரேன். ஆனா கிளீனர்னு சொல்லி விக்கக் கூடாது. ஆறுக்குக் கம்மியா குடுக்கக் கூடாது. கூர்கல்லு போட்ட தொட்டிக்குக் குடுக்கவே கூடாது."

அப்படியெல்லாம் பார்த்தால் வியாபாரம் நடக்காது என்றார். அப்படியானால் வேண்டாம் என்றாள். எழுந்து போனவர் எட்டாம் நாள் திரும்பி வந்தார். கிளீனர் என்று எழுதிய அட்டையைக் கிழித்துப்போட்டதாகச் சொல்லிவிட்டு, அந்த மணல் எங்கே வாங்கியது என்று கேட்டார்.

அந்த ஞாயிறு கணவன் பணிமனைக் கூட்டாளிகள் நால்வரை வீட்டுக்கு அழைத்து வந்தான். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. உள்ளே அவள் டீ போட்டுக்கொண்டிருக்கும்போது அவன் குரல் கேட்டது.

"உலகத்துல எங்கயோ மழைக்காட்டு ஆத்துல இருக்கற மீனு. இங்க, இந்த ரூம்ல, முட்டை போட்டுக் குஞ்சு பொரிச்சிருக்கு. எண்பத்தி மூணு முட்டை. கையால பெயர்த்தா. உன்னால முடியுமா? என்னால முடியுமா?"

கடைக்காரர் இருபது வருடத்தில் முட்டையே பார்க்காததை முப்பது வருடமாக்கிச் சொன்னான். யாரோ ஒருவர், குளிர்ந்த தண்ணீர் விட்டால் ஏன் முட்டை போடுகிறது என்று கேட்டார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. அவளத்தான் கேக்கணும். இரு, கூப்பிடறேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் அவளுக்காக நாற்காலி போடப்பட்டிருந்தது. நால்வரும் நின்றுகொண்டே கேட்டார்கள். மழையால் ஆறு குளிர்வதை, புதுத் தண்ணீர் வந்தால் குஞ்சுக்கு இரை பெருகும் என்று மீனுக்குத் தெரிவதை, மீசையால் அது மணலுக்குள் சுவை பார்ப்பதையெல்லாம் சொன்னாள். தான் முதலில் ஒன்றைச் சாகடித்ததையும் மறைக்கவில்லை. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. அடுப்பில் டீ சுண்டிப்போயிற்று, ஒருவரும் கவனிக்கவில்லை.

கிளம்பும்போது உயரமானவர் ஒருவர் தனக்கும் ஆறு குஞ்சு வேண்டும் என்றார், இப்போதே கொண்டுபோக டப்பா கிடைக்குமா என்றும் கேட்டார்.

"மொதல்ல தொட்டி வாங்கித் தண்ணிய ஊத்தி நல்லா ஓட விடுங்க, மீன் இல்லாம" என்றாள் அவள். "எப்படின்னு நான் எழுதித் தரேன். ஒரு மாசம் கழிச்சு வாங்க. அந்தத் தண்ணியக் கொண்டாங்க, சோதிச்சுப் பாத்துட்டுத் தரேன்."

அவர் சரிங்க என்றார். பக்கத்தில் நின்ற கணவன், இதைத் தானே சொன்னதுபோல், நாலு பேரையும் ஒருமுறை பார்த்துத் தலையை ஆட்டினான்.