மேட்டில் நின்ற கார்

காரில் பழுது என்றால் எரியும் செக் என்ஜின் விளக்கை அணைப்பதில் அந்த மெக்கானிக்கை மிஞ்ச ஆள் கிடையாது. ஸ்கேனரைச் செருகி, அது காட்டும் பழுது எண்ணை அழித்து, சாவியைத் திருப்பிக் கொடுக்க ஐந்தே நிமிடம். அதனால் அவருக்கு ‘அணைப்பு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். “ஊரையே அணைச்சுட்டு வர்றாரு, வீட்டுக்கு வந்தா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குறாரு” என்று மனைவி கேலி செய்வாள்.

எட்டு மாதமாக அந்தக் கேலிக்கு அவர் சிரிப்பதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பாதியில் எழுந்து போய்விடுவார். ஏனென்று அவளுக்குத் தெரியாது.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு டீச்சர் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். “அண்ணா, விளக்கு எரியுது. மேம்பாலம் ஏறும்போது ஒரு தடவை இருமுற மாதிரி இருந்துச்சு” என்று சொல்லி, ராத்திரிக்கு வண்டியை ஷெட்டிலேயே விட்டுப் போனார். காலையில் ஸ்கேனர் 335 என்று காட்டியது. கிராங்க் சென்சார். என்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சின்னப் பொருள். அது வாயை மூடிவிட்டால் என்ஜின் நின்றுவிடும். மீட்டர் வைத்துப் பார்த்தார், சரியாகத்தான் காட்டியது. இரவெல்லாம் ஆறிக் கிடந்த வண்டி. ஓட்டிச் சூடாக்கி இன்னொரு தடவை பார்த்திருக்க வேண்டும். வெளியே நாலு வண்டி காத்திருந்தன. “பழைய வண்டிம்மா, சும்மா எரியும்” என்று எண்ணை அழித்துக் கொடுத்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள், மேம்பால ஏற்றத்தில் நின்றிருந்த அந்தக் காரை லாரி ஒன்று பின்னாலிருந்து இடித்தது. டீச்சர் அங்கேயே இறந்துபோனார்.

லாரிக்காரன் கவனிக்கவில்லை என்று மெக்கானிக் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். துக்கம் விசாரிக்கப் போகவில்லை. ஆனால் ஷெட்டில் எந்த என்ஜின் லேசாகத் திக்கினாலும், முதுகுக்குப் பின்னால் “அண்ணா” என்று கேட்கும். திரும்பிப் பார்த்தால் டயர் அடுக்குதான் இருக்கும்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு அந்தக் காரே ஷெட்டுக்குள் வந்து நின்றது. பின்பக்கத்துக்கு மட்டும் புது பெயிண்ட், மற்ற இடமெல்லாம் பழைய சாம்பல் நிறம். கதவு திறந்தது. இறங்கியவர் டீச்சரின் கணவர், கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

“உங்ககிட்ட போகச் சொன்னாங்க. விளக்கை மட்டும் அணைச்சுக் குடுங்க. மத்தியானம் வண்டியை வாங்குற பார்ட்டி வந்து எடுத்துட்டுப் போறாங்க.”

தன் மனைவி இந்த ஷெட்டுக்கு வந்து போனது கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெரியாது.

மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினார். 335. அழிப்பதற்கான பட்டன் மேல் கட்டைவிரலை வைத்தபடி கேட்டார்: “வாங்கப்போறது யாரு?”

“புதுசா கல்யாணம் ஆன ஜோடி. அந்தப் பொண்ணுதான் ஓட்டப்போகுதாம்.”

கட்டைவிரல் இறங்கவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலேயே பேச ஆரம்பித்தார்.

“இதை வீட்ல வச்சிருக்க முடியல. என் சம்சாரம் இதுலதான் செத்தா. அன்னைக்குக் காலைல எங்களுக்குள்ள சண்டை. ‘நீ இல்லாட்டியே எனக்கு நிம்மதி’ன்னு சொல்லிட்டேன். வாய் தவறி வந்ததுன்னு கூடச் சொல்ல முடியாது, வேணும்னேதான் சொன்னேன். பிரேக் விளக்குகூட எரியல, பாலத்து நடுவுல சும்மா நின்னுச்சுன்னு லாரி டிரைவர் சொன்னார். சாகணும்னே அவளா நிறுத்திட்டான்னு அவ அம்மா நம்புறாங்க.” காரைப் பார்த்துக்கொண்டே, “நானும்தான்” என்றார்.

மெக்கானிக் ஸ்கேனரைக் கீழே வைத்தார். வண்டிக்கு அடியில் போய் சென்சாரைக் கழற்றி வந்தார். மேஜையில் வைத்து, சூடு ஆறியதும் மீட்டரின் இரண்டு முனைகளையும் அதில் மாட்டினார். தொள்ளாயிரத்துச் சொச்சம் ஓம்ஸ் காட்டியது, சரியான அளவுதான்.

“இது ஆறியிருக்கிறப்ப. இப்பப் பாருங்க.”

ஹீட் கன்னை எடுத்துச் சூடான காற்றை அதன்மேல் பிடித்தார். எண் மெல்ல ஏறியது. பிறகு தடாலென்று காணாமல் போனது.

“சூடானா செத்துடும். ஆறினா மறுபடி உசுரு வந்துடும். அவங்க நிறுத்தல சார், வண்டி நின்னுபோச்சு. மேட்டுல தானா வேகம் குறையும், பிரேக்கை மிதிக்க வேண்டிய அவசியமே இல்ல. நின்னதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்திருப்பாங்க, அதுக்கு விளக்கு எரியாது.”

“உங்களுக்கு எப்படி அவ்வளவு நிச்சயமா…”

“எங்கிட்டதான் கொண்டுவந்தாங்க. பாலத்துல இருமுதுன்னு சொன்னாங்க. நான் சூடு பண்ணிப் பாக்கல. அழிச்சுக் குடுத்துட்டேன்.”

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று மெக்கானிக் கையைக்கூடத் தூக்காமல் நின்றார். அடி விழவில்லை.

“சாவியைத் திருப்பியிருப்பாளா?”

“திருப்பியிருப்பாங்க. திரும்பத் திரும்பத் திருப்பியிருப்பாங்க.”

“அப்ப அவ வீட்டுக்கு வரத்தான் பாத்திருக்கா.” சொல்லும்போதே அவர் தோள்கள் குலுங்கின. அழுகை அடங்க நேரமாயிற்று. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பார்வையில் ஈரம் இல்லை. “இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நீங்க செஞ்சதையும் சேர்த்து.”

மெக்கானிக் எழுதினார். ஒரு வரியைக்கூட மழுப்பவில்லை.

கார் விற்கப்படவில்லை, உடைக்கிற இடத்துக்குப் போனது. அந்தத் தாளை வைத்துப் போலீஸில் மெக்கானிக்கை இரண்டு முறை கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினார்கள், இன்னும் கூப்பிடுவார்கள். ஷெட் மூன்று வாரம் பூட்டிக் கிடந்தது. தன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் மறுநாள், “அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?” என்று மட்டும் கேட்டாள்.

சொல்லிவிட்டால் தூக்கம் வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை. முன்பெல்லாம் குரல் மட்டும்தான் கேட்கும். இப்போது கண்ணை மூடினால், ஏற்றத்தில் ஒரு கை சாவியைத் திருப்புவதும், பின்பார்வைக் கண்ணாடியில் லாரி பெரிதாகிக்கொண்டே வருவதும் தெரிகிறது.

கடைத்தெருப் பக்கம் போய்வந்த, ஷெட்டில் தகரம் தட்டும் டிங்கரிங்காரர்தான் ஒருநாள் சொன்னார்: டீச்சரின் அம்மா மருமகனின் கடைக்குள் வந்து உட்கார்ந்திருந்தாராம். மகள் போன பிறகு அந்தப் படியை மிதிக்காதவராம். அந்த அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் ஒரு திருகு தளர்ந்திருந்ததாம்; மருமகன் கழற்றி வாங்கி, முடுக்கி, துடைத்து, தானே மாட்டிவிட்டாராம்.