ராணியம்மாவுக்கு வெந்நீர்

ஐஸ் பெட்டிக்குப் பிளக் வேண்டும் என்று டீவியின் ஒயரைப் பிடுங்கினான் வேம்புலி. பிடுங்கியவன், பிரசவ ஆஸ்பத்திரியில் யாருடைய குழந்தையையோ மாற்றித் தூக்கிவிட்டவன் மாதிரி, ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான்.

"அண்ணாத்தே... இன்னிக்கு..." என்று ஆரம்பித்தவன், பெட்டிக்குள் மஞ்சள் பூசிப் படுத்திருந்த சுசீலாவைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

அவன் சொல்ல வந்தது சுசீலாவின் புருஷன் உத்தமனுக்குப் புரிந்தது. இன்றைக்கு அந்தக் கொலைத் தொடருக்குக் கடைசி நாள்.

வடக்கே எடுத்துத் தமிழில் பேச வைத்த தொடர் அது. மலை உச்சியில் ஒரு மாளிகை. விருந்துக்கு வந்த வைர வியாபாரி பாயசத்தைக் குடித்துவிட்டுத் தலை சாய்கிறான். மாளிகையில் இருக்கும் அத்தனை பேர் மேலும் சந்தேகம். நடுவில் பெரிய ராணி: முத்துமாலை, கருங்காலிக் கைத்தடி. ஒரு புருவத்தைத் தூக்கினால் போலீஸ் அதிகாரி நாற்காலியோடு எழுந்து நிற்பார். முகம் யாரோ ஒரு வடக்கத்தி நடிகையுடையது. குரல் சுசீலாவுடையது. அயனம்பாக்கத்துத் தெருவில் சங்கரா மீனுக்கு மல்லுக்கு நின்ற அதே தொண்டைதான், வடபழனிக்குப் பஸ் பிடித்துப் போய், ஒரு இருட்டு அறையில் மைக்குக்கு முன்னால் நின்று, "யார் அங்கே!" என்று அதட்டும். அதட்டினால் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து மிஷின்கள் நின்றுவிடும், வானகரத்தில் லாரிகள் பிரேக் பிடிக்கும் என்று பேச்சு.

கொன்றது யார் என்று தெருவுக்கே தூக்கமில்லை. கதை என்னவோ அரதப் பழசு. புத்தகத்தில் ஒரு ஆள் கொலைகாரன், அப்புறம் வந்த நாடகத்தில் இன்னொரு ஆள், சினிமாவில் வேறொரு ஆள். எந்தத் தடவையும் சிக்காதவள் ராணி மட்டும்தான். இந்தத் தடவை யார்? அது தெருவில் சுசீலா ஒருத்திக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டுத் தாட்சாயிணி ஒரு குண்டான் நிறைய நண்டு வறுவல் கொடுத்து விசாரித்தாள். நண்டை ஒரு கால் விடாமல் உறிஞ்சி முடித்த சுசீலா, "எங்கள் வம்சத்தில் வாக்குத் தவறுவதில்லை" என்று ராணிக் குரலில் சொல்லி, குண்டானைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.

அப்படிப்பட்டவள் விடியற்காலையில் பால் பாக்கெட்டை எடுக்கக் குனிந்தாள். நிமிரவில்லை.

"ஹார்ட் ரொம்ப நாளாவே வீங்கியிருக்கு" என்றார் வந்து பார்த்த டாக்டர். "ஒரு மாசமாவது மூச்சு வாங்கியிருக்குமே. நீங்க கவனிக்கலையா?"

"இல்லீங்களே" என்றார் உத்தமன்.

சென்னீர்குப்பத்திலிருந்து அலறிக்கொண்டு வந்து சேர்ந்த மகள் ரேவதி, அழுது ஓய்ந்ததும் அதையேதான் கேட்டாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, அப்பாவை ஒட்டி உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள்.

"நைனா, நெஜமா சொல்லு. அம்மாவுக்கு மூச்சு வாங்கிச்சா, இல்லியா?"

"நல்லாத்தான் இர்ந்தா ரேவதி. நேத்துகூட பஜாருக்குப் போய்ட்டு வந்தாளே."

"நீ மிஷினை மாட்டிகினு இருந்தியா?"

உத்தமனின் கை சட்டைப் பையைத் தொட்டது. காது மிஷின் அங்கேதான் இருந்தது. காலமெல்லாம் இரும்புச் சத்தத்தில் வேலை பார்த்த காது அவருக்கு. பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் பேசினால் வாயசைவோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். சுசீலா வீட்டில் வசனம் சொல்லிப் பார்க்கும்போது அந்த மிஷினும் கீச்சிடும். அதனால் கழற்றிப் பையில் போட்டுவிடுவார். தொண்டை காய்ந்தால் அவள் கட்டை விரலை வாயருகே சாய்த்துக் காட்டுவாள். அவர் எழுந்து போய் வெந்நீர் கொண்டுவந்து வைப்பார். இருவருக்கும் நடுவில் அது ஒரு பாஷை.

"சொல்லு நைனா."

அவர் பையின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். ரேவதி எழுந்து போய் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

வாசலில் கெங்கம்மாள் அமர்ந்திருந்தாள். அந்தத் தெருவில் யார் செத்தாலும் சட்டம் அவளுடையது. "பொணம் எடுக்குற வரிக்கும் தெருவுல ஒரு ஊட்லயும் டீவி பாடக் கூடாது. இந்த ஊட்ல அடுப்பு எரியக் கூடாது, ஆமா" என்று காலையிலேயே அறிவித்துவிட்டாள். மகன் விக்ரம் புனேயிலிருந்து வந்து இறங்கிய பிறகுதான் எடுப்பது. சாயங்காலம் ஆகிவிடும்.

ஆகவே தெரு பட்ட பாட்டை ஏரியில் நின்ற கொக்குகூடப் பரிதாபமாகப் பார்த்தது. மாரில் அடித்துக்கொண்டு அழுத பெண்கள் மூக்கைச் சிந்தும் சாக்கில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அழுகை சத்தியம். ஆசையும் சத்தியம். என்ன செய்வார்கள் பாவம்? தொடர் போடும் மத்தியானம் நெருங்க நெருங்க, ஷாமியானாவுக்கு அடியில் உட்கார்ந்தவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி முள்ளாகக் குத்தியது. கடைசியில் வேம்புலியைத் தூது அனுப்பினார்கள்.

"அண்ணாத்தே, தம்பி வர்றதுக்கு இன்னா நேரம் ஆவும்? இல்ல... வெயிலு ஜாஸ்தியா கீது. கொஞ்சம் முன்னாடியே எடுத்துட்டா..."

"தூ, மூடு வாயை!" என்று தாட்சாயிணி அவன் தொடையில் கிள்ளினாள். "பெத்த புள்ள மூஞ்சி பாக்க வாணாமா? கொலகாரனைப் பாக்கணும்னு அலையுது பாரு!" என்றவள் உத்தமன் பக்கம் திரும்பி, "நான் கேக்கலண்ணா, இவங்கதான்" என்றாள். கண் மட்டும் டீவிப் பக்கம் போய் வந்தது.

உத்தமன் பிளக் இல்லாமல் தொங்கிய டீவி ஒயரைப் பார்த்தார். பிறகு, "டீவியப் போடுறா வேம்புலி" என்றார்.



"இன்னாடா உத்தமா, புத்தி பேதலிச்சிப் போச்சா?" கெங்கம்மாள் எழுந்தே விட்டாள். "தாலி கட்னவ பொட்டியில கெடக்கறா, படம் பாக்கப் போறியா?"

"கடைசி நாளு ஒண்ணு மட்டும் மிஷின மாட்டிகினு பாருய்யான்னு சொன்னா. நான் இன்னா, அவ பேசுனதைக் கேட்டதா கீது? பாக்குறேன்னு சொல்லிட்டேன்."

கெங்கம்மாள் நின்றாள், யோசித்தாள். "அப்ப சத்தத்தக் கொறச்சு வை" என்று சொல்லி, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்து முதல் வரிசையில் போட்டுக்கொண்டாள்.

எக்ஸ்டென்ஷன் பெட்டியோடு வேம்புலி வந்த வேகத்துக்குத் தீயணைப்பு வண்டி தோற்றது. தெருவே கூடத்தில் அடங்கியது. அடங்காதது ஜன்னலில் தொங்கியது. சுசீலாவின் தலைமாட்டில் விளக்கு எரிய, அதற்கு மேலே சுவரில் ராணி வந்தாள்.

உத்தமன் மிஷினைக் காதில் பொருத்தினார். பெட்டியின் உறுமல், மின்விசிறி, யாரோ மூக்கை உறிஞ்சுவது என்று எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்து விழுந்தன.

"விஷம் வைத்தது... நான்தான்."

"அடிப்பாவி!" கெங்கம்மாள் தலையில் கை வைத்தாள். "இத்தினி நாளா அந்த மருமவனையில்ல கரிச்சிக் கொட்டினு கெடந்தேன்!"

"இஸ்ஸ்!" என்றது கூடம்.

"இந்த மாளிகையின் பிள்ளைகளை... அவன் விலை பேசினான்... நான் பார்த்துக்கொண்டு... இருக்க வேண்டுமா?"

தாட்சாயிணி பொங்கிவிட்டாள். "இன்னா ஆக்ட்டு பாருங்க! மூச்சு வாங்குற மாரியே பேசியிருக்கா. எங்க ராணிடி நீ!" அவள் அழ, பின்வரிசைப் பெண்களும் சேர்ந்து அழுதார்கள். காலையிலிருந்து அழுததைவிட இந்த அழுகை பெரிதாக இருந்தது.

உத்தமன் திரையைப் பார்த்தார். அந்த நடிகை கழுத்தை நிமிர்த்திச் சிலைபோல நின்றிருந்தாள். அவள் மார்பில் முத்துமாலை அசையவே இல்லை. உதடு தடையில்லாமல் ஓடியது. மூச்சு குரலில்தான் இரைத்தது. ஒவ்வொரு சொல்லும் படி ஏறி வந்து நின்றது.

போன மாதம் சுசீலா பேசியது இது. பேசிவிட்டு வந்த அன்றைக்கு, பஸ்சை விட்டு இறங்கியவள் தெருமுனை விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னாடி அங்கயே நின்னுட்ட?" என்று வாசலிலிருந்து கத்தினார். அவள் சிரித்துக் கையை ஆட்டினாள். அதற்குப் பிறகு கட்டை விரல் அடிக்கடி வாயருகே சாய்ந்தது. அவரைக்காய் நறுக்கும்போதும், வசனத்தாளே கையில் இல்லாதபோதும். "ராணிமா, மெட்ரோ தண்ணி லாரியே பத்தாது போல கீதே உனுக்கு" என்று கேலி பேசிக்கொண்டேதான் கொண்டுவந்து வைத்தார். மிஷின் அப்போதும் பையில் இருந்தது.

தலையைத் திருப்பினார். ரேவதி டீவியைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கள் வம்சத்தில்... யாரும்..." என்று தொடங்கி ராணி நின்றாள்.

ராணியின் கம்பீரம் என்று நினைத்துக் கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. உத்தமன் எழுந்துவிட்டார். கால்களுக்கும் முழங்கைகளுக்கும் நடுவே வழி பண்ணிக்கொண்டு சமையலறைக்குப் போனார். லைட்டர் சொடுக்கும் சத்தம் கேட்டது. அடுப்பு பற்றிக்கொண்டது.

கெங்கம்மாள் வெடுக்கென்று திரும்பினாள். வாயைத் திறந்தாள். அதட்டத் தூக்கிய கையை அப்படியே மடியில் இறக்கி வைத்துக்கொண்டாள்.

அவர் டம்ளரோடு திரும்பி வந்தபோது தொடர் முடிந்து சோப்புத்தூள் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. வேம்புலி அவசரமாக அணைத்தான். யாரும் கொலையைப் பற்றிப் பேசவில்லை. கூடம் விலகி வழிவிட, அவர் பெட்டியருகே வந்து நின்றார். டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் துண்டு முனையால் பிடித்தபடி நின்றார். சூடு தாங்கவில்லை. பெட்டியின் கண்ணாடி மூடிமேல், அவள் முகத்துக்கு நேராக வைத்தார்.

ரேவதி அருகில் வந்து நின்றாள். டம்ளர் கண்ணாடியில் வழுக்கி நகர, எட்டிப் பிடித்து எடுத்துக்கொண்டாள்.

வெளிப்புறம் முழுக்க ஈரம் பூத்திருந்த கண்ணாடியில், டம்ளர் இருந்த இடம் மட்டும் வட்டமாகத் தெளிந்திருந்தது. அதற்குள் சுசீலாவின் வாய் தெரிந்தது. பிறகு ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல ஈரம் மூடிக்கொண்டு வந்தது.