எதிரி காத்திருக்கும் விளையாட்டு

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. ஹெப்பாள் போகும் பஸ்ஸில் ஓர் இளைஞனிடம் எங்கே இறங்கணும் என்று கண்டக்டர் கேட்டார். அவன் வாய் திறந்து சொல்வதற்குள் பக்கத்திலிருந்த அக்கா பதில் சொல்லிவிட்டாள். அவன் திறந்த வாயை மூடிக்கொண்டான். அட பாவமே என்றிருந்தது. அந்த வாயை மறுபடி திறக்க வைக்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பெயர் கவின்ராஜ் என்று வைத்தேன். (திக்கிப் பேசுகிறவனுக்கு இப்படியா பெயர் வைப்பது என்று திட்டாதீர்கள். பெற்றவர்கள் தெரிந்தா வைத்தார்கள்?) அக்கா பூங்குழலி. போன வாரம் கொள்ளேகாலில் மனிஷா என்னும் பெண்ணைப் பார்த்தார்கள். "என்ற தம்பிக்குச் சம்மதமுங்க" என்று அக்காவே சொல்லிவிட்டாள். நாளை நிச்சயம். கவின்ராஜை யாரும் கேட்கவில்லை.

2

இன்று அக்காவோடு வீடியோ கேம் கடையில் அவன் வாங்க வந்தது பழங்காலப் போர் விளையாட்டு. யானைப்படை, கோட்டை, முற்றுகை. நாம் ஒரு முறை நகர்த்தினால் எதிரி ஒரு முறை நகர்த்துவான்.*

கடைக்காரர் சந்தோஷ்குமார் தங்கமான மனுஷன். "ஏனு பேக்கு தம்பி, என்ன வேணும்?"

"ப... பழ... பழைய..."

"பழைய டிஸ்க்கா? கார் ரேஸ் இருக்கு, இந்தா!"

"ப... படை..."

"துப்பாக்கிச் சண்டையா? மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"எதுன்னாலும் சரிங்க, நல்லதா ஒண்ணு குடுங்க" என்று அக்கா புகுந்தாள்.

கவின்ராஜ் காப்பி கேட்கப் போய் டீ குடித்தே பழகியவன். இன்று அவன் வீறுகொண்டு எழு— இல்லை, அப்படிப்பட்ட ஆள் இல்லை அவன். கடைக்காரர் நீட்டியதைக் கீழே வைத்துவிட்டு, அலமாரியில் யானைப் படம் போட்ட உறையைத் தானே எடுத்தான்.

* 'சதுரங்கம் மாதிரி' என்று எழுதி அடித்துவிட்டேன். அதற்குக்கூடக் கடிகாரம் வைத்துவிடுகிறார்கள்.

3

வீட்டில் பூங்குழலி கீரை ஆய்ந்துகொண்டே டிவியைப் பார்த்தாள்.

"அந்த எதிரி ஏன் கண்ணு சும்மா நிக்கறான்? வந்து அடிக்க மாட்டானா?"

"எ... என் முறை மு... முடியலக்கா. நான் முடிக்கிற வரைக்கும் கா... காத்திருப்பான்."

"எந்நேரம் ஆனாலுமா?"

"ஆ... ஆமா."

கீரை ஆய்ந்த கை நின்றது. [இங்கே அவளை அழுது மன்னிப்புக் கேட்க வைத்தேன். எடுத்துவிட்டேன். தம்பிக்காக ஊரோடு மல்லுக்கட்டியவள். அவளைத் தலைகுனிய வைக்க எனக்கு மனசு வரவில்லை.]

"நாளைக்கு வெத்தலபாக்கு மாத்தறோம்" என்றாள். "உன்ற வாயால நீ ஒண்ணுமே சொல்லலியே கண்ணு. சொல்லு. நான் குறுக்க பேசல."

4

"எ... எனக்கு... அ... அந்தப்..."

முடிவு ஒன்று: "எனக்கு அந்தப் பொண்ணைப் பிடிச்சிருக்கு."

முடிவு இரண்டு: "எனக்கு அந்தப் பொண்ணு வேண்டாம்க்கா."

இரண்டையும் எழுதி வாசித்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரு திக்கல்கூட இல்லை. ஐயோ, பேசினது நான்! சந்தோஷ்குமாரைக் குறை சொல்லப் போய், நானும் அதைத்தானே செய்திருக்கிறேன்?

இரண்டையும் அடித்துவிட்டேன். உங்கள் நாக்கு நுனியிலும் ஒன்று வந்து நிற்கும். புண்ணியமாகப் போகும், விழுங்கிவிடுங்கள். பூங்குழலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள், கண் கலங்கியிருக்கிறது. வாருங்கள், அவள் பக்கத்தில் உட்காருவோம்.

"அந்தப் பொ... பொண்ணு..."

இருங்கள். அவன் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.