இருபது டிகிரிக்கு ஒரு பேரம்

பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தது. வீட்டில் குளிர் இருந்தது. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க ஏலாது என்று தாதி கறாராகச் சொல்லிவிட்டாள்.

ஆறு கிழமை முந்திப் பிறந்த பெண்பிள்ளை. இப்போது நன்றாகப் பால் குடித்தது, நிறையும் ஏறியிருந்தது. "வீட்டில் இருபது டிகிரி இருந்தால் நாளைக்கே தூக்கிக்கொண்டு போகலாம்" என்றாள் தாதி. ஆனால் சுவிஸில், சூக் நகரில் தவராஜாவும் செல்வராணியும் குடியிருந்த நாலாம் மாடியில், அந்த 1987 ஜனவரியில், சுவரோரத்து ஹீட்டரைத் தொட்டால் மீன்கடை ஐஸ்கட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது.

தவராஜா உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினான். வளர்ந்தது யாழ்ப்பாணம் பெரியகடையில், தகப்பனின் சேலைக்கடையில். பல்லுக்குத்தும் குச்சியைக்கூடச் சொன்ன விலைக்கு வாங்கினால் அன்றைக்கு அவனுக்கு நித்திரை வராது. அதனால் வீட்டுக்காரர் ஹெர் சும்பாக், "நீங்கள் வெயில் நாட்டுக்காரர், அதுதான் குளிருது. இன்னொரு ஸ்வெட்டர் போடுங்கோ" என்று தொலைபேசியில் சொன்னபோது அவன் கோபப்படவில்லை. எந்தக் கடையிலும் முதல் விலை அப்படித்தான் இருக்கும்.

வாடகைக்கு இருப்போர் சங்கத்தில், கண்ணாடி போட்ட ஒரு அம்மா அவனுடைய சமையலறை ஜெர்மனைப் பொறுமையாகக் கேட்டாள். "சூடு அவர் தருகிற தர்மம் இல்லை. நீங்கள் கட்டுகிற வாடகைக்குள் அதுவும் சேர்ந்த சரக்கு" என்றாள். சட்டப் புத்தகத்தில் அவள் காட்டிய பக்கம் விளங்கவில்லை. இந்தப் பேச்சு எழுத்தெழுத்தாக விளங்கியது. சேலையை விற்றுவிட்டு முந்தானையைக் கத்தரித்து வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கு உரிமை இருக்கிறது?

அவள் சொன்னபடி தேமாமீற்றர் ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டி, மூன்று வேளையும் கொப்பியில் குறித்தான். பதின்மூன்று. பதினாலு. பன்னிரண்டு. பதிவுத் தபாலில் கடிதம் போனது. சனிக்கிழமை மூன்று மணிக்குத் தானே வந்து பார்ப்பதாகச் சும்பாக் பதில் எழுதினார்.

"வரட்டும்" என்றாள் சங்கத்து அம்மா. "கண்ணால் பார்த்துக் கையெழுத்து வைத்தால் பிறகு வழுக ஏலாது." திகதி, நேரம், வீட்டுச் சூடு, இரண்டு கையெழுத்து என்று ஒரு தாளும் எழுதித் தந்தாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து, மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கத் தவராஜா படியேறினான். இரண்டாம் மாடியிலேயே எண்ணெய் வாசம் மூக்கில் அடித்தது. மிச்சப் படிகளை ஓடியே ஏறினான். கதவைத் திறந்தால் கரண்ட் அடுப்பின் நாலு தட்டும் சிவந்துபோய் இருந்தன. ஒன்றில் வடை, ஒன்றில் ரோல்ஸ், ஒன்றில் சோறு, ஒன்றில் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி. சுவரில் தேமாமீற்றர் இருபத்தொன்று காட்டியது.

"ராணி! என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீர்?"

"வீட்டுக்கு முதன்முதல் வாற மனுசனை வெறும் வாயோட அனுப்புறதோ?"

"அவர் விருந்துக்கு வரேல்லையப்பா, குளிர் பாக்க வாறார்!"

செல்வராணி தேமாமீற்றரைத் திரும்பிப் பார்த்தாள். மாப் பிரண்ட கை அப்படியே வாய்க்குப் போனது. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

சும்பாக் உள்ளே வந்ததும் அவருடைய மூக்குக்கண்ணாடியில் ஆவிப் புகார் படிந்தது. "ஹெர் தவராஜா, இது வீடோ கொழும்போ?" கோட்டைக் கழற்றினார். மஃப்ளரைக் கழற்றினார். பேனையை எடுத்தார். "இருபத்தொன்று. எங்கே கையெழுத்து?"

எழும்பப் பார்க்கிற வாடிக்கைக்காரரை இருத்திவிட்டால் பாதி வியாபாரம் முடிந்தது என்பது சேலைக்கடைப் பாடம். "இருங்கோ" என்று தவராஜா கதிரையை இழுத்துப் போட்டான். "எங்கட வீட்டிலை சாப்பிட முதல் பேனை தொடுறேல்லை." செல்வராணியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். அடுப்பின் நாலு திருகும் டக் டக்கென்று அணைந்தன.

முதல் வடையைச் சும்பாக் ரசித்துச் சாப்பிட்டார். இரண்டாவதில் பச்சை மிளகாய் அகப்பட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது, இருமல் வந்தது, மூஞ்சி தக்காளியானது. "காற்று!" என்று எழும்பிப் போய் யன்னலை அகலத் திறந்தார். வெளிக்காற்று பட்டதும் பேச்சு திரும்பிவிட்டது. வாடகைக்காரருக்கு வழக்கமாக எடுக்கும் பாடத்தையும் தொடங்கினார். "குளிர்காலத்திலும் ஐந்து நிமிடம் இப்படித் திறந்து மூட வேணும். ஹீட்டர் அரை மணித்தியாலத்தில் வீட்டைப் பழையபடி சூடாக்கிவிடும்."

தவராஜாவின் காது நிமிர்ந்தது. வந்தவர் தானாகவே விலை சொல்கிறார்.

"அரை மணித்தியாலம் போதுமோ?"

"தாராளம்."

"நான் ஒரு மணித்தியாலம் தாறன். அப்ப என்ன காட்டுதோ, அதை எழுதுவம். சரியோ?"

"சரி" என்று சும்பாக் யன்னலை மூடிவிட்டு ரோல்ஸ் ஒன்றை எடுத்தார். இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஒரு மணித்தியாலம் தவராஜா ஹீட்டரைப் பற்றி மூச்சே விடவில்லை. இந்தக் கட்டடத்தை ஆர் கட்டினது, பட்டாளத்திலை எத்தினை வருசம், மாடு வளர்க்கிறது லாபமோ என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சும்பாக் உற்சாகமாகக் கதைத்தார். பால்மாட்டுக் கதையில் மஃப்ளர் கழுத்துக்குத் திரும்பியது. பட்டாளக் கதையில் கோட்டுக்குள் ஒரு கை போனது, பாட்டனார் கல் சுமந்த கதையில் மற்றக் கையும் போனது. மூன்றாவது தேத்தண்ணியை அவர் குடிக்கவில்லை, கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நேரமாச்சுது" என்றான் தவராஜா. "ஒருக்காப் பாருங்கோவன்."

பதின்மூன்று.

சும்பாக் தேமாமீற்றரைத் தட்டிப் பார்த்தார். பிறகு தன் கோட்டைப் பார்த்தார். "ஏப்ரலில் ஆள் அனுப்புகிறேன்."

"ஏப்ரலிலை எனக்கு ஹீட்டர் என்னத்துக்கு? நாளைக்கு."

"நாளை ஞாயிறு!"

"அப்ப திங்கள்."

"மாத முடிவில்..."

செல்வராணி அடுக்களையிலிருந்து வந்து இருபது டிகிரி வேணும் என்று ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த துண்டுச்சீட்டை அவர் முன்னால் வைத்தாள். "என்ரை பிள்ளை சுகமாத்தான் இருக்குது. இந்த வீட்டாலதான் அங்கை கிடக்குது" என்றாள். தவராஜா அதை ஜெர்மனில் சொன்னான். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

சும்பாக் துண்டுச்சீட்டை இரண்டு தரம் வாசித்தார். "இது உங்கள் கடிதத்தில் இருந்ததா?"

"இரண்டாம் பக்கத்திலை."

"நான் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன்." அவர் பேனையை எடுத்து, பதின்மூன்று என்று எழுதி, கையெழுத்து வைத்தார். அதற்குக் கீழே யாரும் கேளாமலே, திங்கள் காலை எட்டு மணி என்றும் எழுதினார்.

திங்கள் எட்டுக்கு ஆள் வந்தான். நிலவறையில் செத்துக் கிடந்த சுடுதண்ணிப் பம்பியை மாற்றினான். செவ்வாய் முழுக்க இருபதுக்குக் கீழே இறங்கவில்லை. புதன்கிழமை பிள்ளை வீட்டுக்கு வந்து, ஹீட்டருக்கு எதிர்ப்பக்கம் கால் நீட்டிப் படுத்தது.

வெள்ளிக்கிழமை சும்பாக் தொலைபேசி எடுத்தார். நாளைக்குப் பிள்ளையைப் பார்க்க வரலாமா என்று கேட்டார்.

"இஞ்சருங்கோ, அடுப்பு போடலாமோ?" என்று பக்கத்தில் நின்ற செல்வராணி மெல்லக் கேட்டாள்.

"நாலையும் போடும்" என்றான் தவராஜா. "அவர் தேமாமீற்றரைப் பார்த்த பிறகு."