எழுபத்தொரு கிலோ கௌசர்

சத்துவாச்சாரியில் மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்த நிசார் அஹமதுவின் மகள் கௌசர், ஐந்து வயது நிறைவதற்குள் எழுபத்தொரு கிலோ ஆகியிருந்தாள். குண்டெல்லாம் இல்லை. நான்கு வயதுக் கவுனே அவளுக்குத் தொளதொளவென்றுதான் இருந்தது. வளையல் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரை ஓடியது. மேல்விஷாரத்தில் நிசார் வேலை பார்த்த தோல் குடோனில், உப்புப் போட்ட பச்சைத் தோல்களை நிறுக்கும் இரும்புத் தராசில் அவளை ஏற்றிப் பார்த்தார்கள். தராசின் மேல் சந்தேகம் வந்து, எடைக்கற்களை வைத்துச் சரிபார்த்தார்கள். தராசில் குற்றம் இல்லை. மேஸ்திரி சர்தார் பாஷா, ரெண்டு எருமைத் தோல் கனம் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, வாசலில் வந்து நின்ற லாரியைப் பார்க்கப் போய்விட்டார்.

இதற்கெல்லாம் காரணம் நிசாரின் காதில் இருந்த ஒரு சிரிப்பு. உருது பேசும் தெருவில் பிறந்து வளர்ந்தவன் அவன். ஆறாம் வகுப்பில் தமிழ்ப் பாடத்தை எழுந்து நின்று வாசித்தபோது மொத்த வகுப்பும் சிரித்தது. முப்பத்தாறு வயதிலும் அந்தச் சிரிப்பு அவனை விடவில்லை. தாலுகா ஆபீசில் ஏதாவது கேட்க வேண்டும் என்றால் வாசலில் நின்று ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் உள்ளே போவான். மகளுக்கு அந்தக் கதி வரக் கூடாது என்றுதான், சொந்தக்காரர்கள் சூழ்ந்திருந்த மேல்விஷாரத்தை விட்டு, தமிழ்க்காரர்கள் நிறைந்த சத்துவாச்சாரிக்கு ஜூன் மாதம் குடிவந்தான். கௌசரைச் சேர்த்த பள்ளிக்கூடம் பேருக்கு இங்கிலீஷ் மீடியம். வேன் டிரைவர், ஆயாம்மா, மணலில் உருளும் பிள்ளைகள் எல்லாரும் பேசியது தமிழ். கௌசர் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு சொல்லைக்கூடத் திருப்பித் தரவில்லை. புத்தகத்தை எடு என்றால் எடுத்தாள், கையைக் கழுவு என்றால் கழுவினாள். எல்லாமே புரியுது, வாயைத்தான் திறக்க மாட்டேங்குறா என்று மிஸ் டைரியில் எழுதி அனுப்பினார்.

குடோனில் காய்ந்த தோல் வந்தால் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். இளகவில்லையா, இன்னும் ஒரு நாள் ஊறட்டும் என்பார்கள். நிசாருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். பிள்ளை தமிழில் போதுமான அளவு ஊறவில்லை என்று முடிவு கட்டி, ஜூலை முதல் தேதியிலிருந்து வீட்டுக்குள் உருது கூடாது என்று சட்டம் போட்டான். கணவனும் மனைவியும் அன்றிலிருந்து தமிழில் வாழ ஆரம்பித்தார்கள். அவன் மனைவி குர்ஷிதின் தமிழ், காய்கறி வண்டியிலும் ஷேர் ஆட்டோவிலும் ரேஷன் கடையிலும் பொறுக்கியது. அந்த மூன்று இடங்களிலும் பிள்ளையைக் கொஞ்சும் சொல் எதுவும் கிடைப்பதில்லை. கௌசர் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து அழுதால், நெஞ்சு முழுக்க உருது பொங்கி வர, அதை விழுங்கிவிட்டு, "சரி சரி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்பாள். சண்டை போடவும் இருவருக்கும் சொல் போதவில்லை. ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்துவிட்டு, சில்லறை இல்லாத பயணியும் கண்டக்டரும் போல ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கௌசர் இப்போது உருதுவிலும் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஆகஸ்டில் கட்டில் கால் ஒடிந்தது. மரம் சரியில்லை என்றார்கள். செப்டம்பரில் பள்ளிக்கூடத்து ஊஞ்சல் சங்கிலி அறுந்தது. வேன் டிரைவர் இன்பராஜ் மட்டும், "இந்தப் பாப்பா ஏறுனா வண்டி ஒரு பக்கமா இழுக்குதும்மா" என்று சொல்லி, அவளை நடு சீட்டில் உட்கார வைத்து ஓட்டினார். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். எல்லாம் நார்மல் என்று வந்தது. பசி எடுக்க ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்கள். கனம் ஏறும் கணக்கைக் கண்டுபிடித்தவள் குர்ஷித்தான். ஞாயிற்றுக்கிழமை மேல்விஷாரத்தில் அவள் அம்மா வீட்டில், எல்லாரும் உருது பேசும் இடத்தில் இருந்தால் எடை அப்படியே நின்றது. டிவி நாடகம் ஓடிய நாளில் முந்நூறு கிராம் ஏறியது. தெருமுனையில் கட்சிக் கூட்டம் போட்டு மைக்கில் பேசிய நாளில் ஒன்றே கால் கிலோ. உள்ளே போன சொல் வெளியே வராமல் தங்கிவிடுகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நிசாரிடம் சொன்னாள். அப்படியென்றால் ஊறுகிறது, நல்லதுதான் என்றான் அவன். ஆனால் அன்று ராத்திரிச் சோற்றில் அவன் கை வைக்கவில்லை.

குர்ஷிதால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கௌசர் நடந்தால் இவள் தரையைப் பார்ப்பாள், அவள் படுத்தால் சுவரைப் பார்ப்பாள், கீழ் வீட்டில் எதுவாவது விழுந்து உடைந்தால் ஓடிப்போய்ப் படிக்கட்டில் நின்று காது கொடுப்பாள். மூன்றரை வயது வரை அந்தப் பிள்ளை அவள் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. இருபத்தெட்டு கிலோ வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். முப்பதில் முதுகு பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு கௌசர் பக்கத்தில் உட்கார்ந்து தலையை மட்டும் அம்மா மடியில் வைப்பாள். அந்தத் தலையே தொடையில் கன்றிப்போகும் அளவுக்குக் கனத்தது. குர்ஷித் அதை யாரிடமும் சொல்லவில்லை, காலையும் நகர்த்தவில்லை. அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியதெல்லாம் அந்தப் பிள்ளையை ஒரு தடவை தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வதுதான். வேலை செய்யும்போது அவள் இடுப்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா ஆரோக்கியமேரி, தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்டோபரில் அவர் வீட்டுக் கூடத்தில் ஃபேனைச் சுற்றி விரிசல் விட்டது. நவம்பரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து சாம்பாரில் விழுந்தது. மாசக் கடைசிக்குள் காலி செய்துவிடச் சொன்னார். வேறு வீடு தேடினார்கள். தரைத்தளம் எதுவும் கிடைக்கவில்லை. மேல்விஷாரத்துக்கே திரும்பிவிடலாம் என்றாள் குர்ஷித், சிரிப்பு கேட்கும் காதோடு நிசார் அடுத்த தெருவில் வீடு பார்க்கக் கிளம்பினான். மாசம் முடிய நான்கு நாள் இருந்தபோது, மழை விட்ட ஒரு மாலையில், வேனிலிருந்து இறங்கிய கௌசர் படியேறினாள். ஏழாவது படியில் அவளால் தன்னையே தூக்க முடியவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதாள். படி டமாரென்று குறுக்கே வெடித்தது.

சத்தம் கேட்டு வெளியே வந்தார் ஆரோக்கியமேரி. "இன்னாம்மா இது? வீட்ட இடிச்சிட்டுத்தான் போவீங்களா? எழுப்பும்மா அவள." குர்ஷித் மகளின் இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள். தெருவில் போன இரண்டு பேர் வந்து இழுத்தார்கள், முடியாமல் போய்விட்டார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று குர்ஷித் தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் துழாவினாள். கெஞ்சுவதற்கு அதில் இருந்தது ஒன்றுதான். "கொஞ்சம் கம்மி பண்ணுங்க ஆன்ட்டி," என்றாள். "இன்னாத்த கம்மி பண்றது?" என்றார் ஆரோக்கியமேரி.

அப்போது குர்ஷித் உடைந்து அழுதாள். ஐந்து மாதமாக விழுங்கிய உருது அத்தனையும் வாயை மீறிக் கொட்டியது. ஆரோக்கியமேரிக்கு ஒன்றும் புரியவில்லை. திட்டுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து இடுப்பில் கை வைத்தார். கௌசர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அம்மா அழுவதை ஒரு நிமிடம் பார்த்தாள். "ஆன்ட்டி, அம்மா திட்டல," என்றாள் தமிழில். "அம்மாவுக்குச் சொல்லத் தெரில. நான் சொல்றேன், இருங்க."

குர்ஷித் ஒரு வாக்கியம் உருதுவில் சொன்னாள், கௌசர் அதைத் தமிழில் சொன்னாள். அம்மா இடுப்பு காலியா இருக்குதாம். அம்மாவுக்குத் தமிழ்ல அழத் தெரிலயாம். அப்பா ராத்திரில தூங்கறதே இல்லயாம், தூங்கற மாரி படுத்துனு இருக்கறாராம். எங்க போறதுன்னு தெரிலயாம். சில இடங்களில் இன்பராஜின் குரலில் சொன்னாள், சில இடங்களில் ஆரோக்கியமேரியின் அதட்டலிலேயே சொன்னாள். அவள் கேட்டு வைத்திருந்தது அதைத்தானே. முதலில் நின்றுகொண்டு கேட்ட ஆரோக்கியமேரி, கொஞ்ச நேரத்தில் கம்பிக் கைப்பிடியைப் பிடித்தார். பிறகு கடைசிப் படியில் உட்கார்ந்தார். தெருவிளக்கு எரிந்தபோது கௌசர் எழுந்து தானாகவே மாடிக்கு ஏறிப் போனாள், படியில் சத்தமே வரவில்லை. ஆரோக்கியமேரியால்தான் எழுந்திருக்க முடியவில்லை. வேலையிலிருந்து வந்த நிசாரும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து அவரைத் தூக்கி உள்ளே விட்டார்கள்.

மறுநாள் குடோன் தராசில் கௌசர் நாற்பத்தொன்பது கிலோ இருந்தாள். குறைந்த இருபத்திரண்டு கிலோ ஆரோக்கியமேரியிடம் இருந்தது. டாக்டரிடம் போகலாமா என்று நிசார் பதறிக்கொண்டு கேட்டதற்கு, "கேட்டவ நானு. எனக்கு ஏறாம வேற யாருக்கு ஏறும்? நான் கீழதான இருக்கறேன், தரை தாங்கும் போ" என்றார். காலி செய்யும் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. கொத்தனாரை வரவழைத்துக் கூடத்தையும் ஏழாவது படியையும் பூசினார். அவருடைய சேலை, ரவிக்கை எல்லாம் பழைய அளவிலேயே சரியாக இருந்தன. செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்தது.

நிசார் தன் சட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக வாயால் சொல்லவில்லை. ஒரு நாள் உருதுவில் தண்ணீர் கேட்டான், அவ்வளவுதான். சாயங்காலம் ஆனால் மூவரும் தரையில் உட்கார்ந்து, குர்ஷித் உருதுவில் ஒன்று சொல்ல, கௌசர் அதைத் தமிழில் சொல்ல, நிசார் அதைத் திருப்பிச் சொன்னான். அவன் தப்பாகச் சொன்னால் கௌசர் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு அவனும் சிரித்ததை குர்ஷித் பார்த்தாள். பொங்கலுக்குள் நிசார் எட்டு கிலோ ஏறினான், குர்ஷித் ஒன்பது. வேனில் ஓயாமல் பேச்சுக் கேட்ட இன்பராஜுக்கு மூன்று, வகுப்பு மிஸ்ஸுக்கு இரண்டரை. தெருவில் யாருக்கும் இது அதிசயமாகப் படவில்லை. பேசுகிற பிள்ளை பேசத்தான் செய்யும், கேட்கிறவர் தாங்கத்தான் வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

குர்ஷித் தினமும் தூக்கிப் பார்த்தாள். முப்பது கிலோவில் முடியவில்லை. இருபத்தெட்டில் கௌசர் தரையிலிருந்து நான்கு விரல்கடை எழும்பினாள். பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேனிலிருந்து இறங்கிய கௌசரை வாசலிலேயே அள்ளித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிள்ளை அப்படியே வந்து பொருந்தியது. குர்ஷிதுக்குக் கண் கலங்கி வழி தெரியவில்லை. வேன் ஜன்னலில் சிநேகிதப் பிள்ளைகள் எல்லாம் தலையை நீட்டிப் பார்த்துச் சிரித்தன. கௌசர் கூச்சத்தில் நெளிந்தாள், காலை உதறினாள். "அம்மா, எறக்கி வுடும்மா. எல்லாரும் பாக்கறாங்க. நானே நடந்து வர்றேன்."

அதற்குள் குர்ஷித் தமிழில் பேரம் பேசுவதோடு கொஞ்சவும் சண்டை போடவும் பழகியிருந்தாள். இந்த ஒரு வாக்கியம் மட்டும் தனக்குப் புரியாதது போல, பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக மாடிக்கு ஏறினாள்.